சக்கரம் சரியென்றால் எஞ்சின் சரி

பணி ஓய்வு பெற்றவர்கள் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று நம் சங்கத்தில் ஒரு கணக்கெடுத்தால் கோயில், பேரக் குழந்தைகள், காலை நடை, சீட்டுக் கச்சேரி என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் அடங்காத பேர்வழி நான். பின்பக்க பால்கனியில் ஒரு மேஜை, அதில் ஒரு சிறிய வைஸ், நாலைந்து அரங்கள், ஒரு சால்டரிங் அயர்ன். இவற்றை வைத்துக்கொண்டு நீராவி எஞ்சின்களின் சிறு மாடல்கள் செய்கிறேன். "முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் இருந்தது போதாதா, இப்போது பொம்மை ரயில் வேறா?" என்று வீட்டில் கேட்பது வழக்கம்தான். நம் அன்பர்கள் கேட்பது வேறு கேள்வி. "சார், இத்தனை பைப்பு, இத்தனை ஆணி, இதையெல்லாம் தகட்டில் எப்படிச் செய்கிறீர்கள்? அதுதானே கஷ்டம்?"

இல்லை. உடம்பு செய்வது கஷ்டமே இல்லை. பொறுமை இருந்தால் பித்தளைத் தகடு, குழாய், கம்பி, சால்டர் ஆகியவற்றைக் கொண்டு எந்த எஞ்சினின் உடம்பையும் செய்துவிடலாம். கீழே ஓடும் பகுதிதான் கஷ்டம். மோட்டார், கியர், சக்கரம், ராடு எல்லாம் சேர்ந்த அந்தப் பகுதியை இந்தத் துறையில் மெக்கானிசம் என்பார்கள். அதை பால்கனியில் உட்கார்ந்து செய்ய முடியாது. வேறொரு நாட்டின் வேறொரு எஞ்சினுக்காகத் தொழிற்சாலையில் செய்த மெக்கானிசத்தை வாங்கி, அதன் மேல் நம் ஊர் எஞ்சினின் உடம்பை ஏற்ற வேண்டும். எதை வாங்குவது என்ற முடிவில்தான் பாதி வேலை இருக்கிறது. தவறானதை வாங்கிவிட்டால், மேலே எவ்வளவு நகாசு வேலை செய்தாலும் வேஷம் போட்ட மாதிரிதான் இருக்கும். அந்தத் தேர்வை எப்படிச் செய்வது என்பதை, போன வருஷம் நான் செய்த ஒரு எஞ்சினை வைத்தே சொல்கிறேன்.

கேட்டவர் யார்?

மணிநகர்ப் பக்கம் மகனோடு வசிக்கும் பெரியவர் ஒருவர். தென்னக ரயில்வேயில் விழுப்புரம் ஷெட்டில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டிரைவராகி ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு மகனோடு இங்கே வந்துவிட்டார். இங்கே பாஷை தெரியாது. வெளியே போவதும் குறைவு. கண் அழுத்த நோயால் ஒரு கண் போய்விட்டது, மற்றதில் மங்கலாகத்தான் தெரியும். அவருடைய சதாபிஷேகத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது மகன் என்னிடம் வந்தார். முன்பே அப்பாவுக்காக ஒரு வெளிநாட்டு ரயில் செட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெரியவர் அதைக் கையில் வாங்கி, "நல்லா இருக்குப்பா" என்று சொல்லி அலமாரியில் வைத்தாராம். அதன் பிறகு தொடவே இல்லை.

நான் போய்ப் பேசினேன். அவருக்கு வேண்டியது ஏதோ ஒரு எஞ்சின் அல்ல, ஒய்.பி. எஞ்சின். "தம்பி, வண்டி எடுக்கும்போது ராடு மெதுவா ஏறி இறங்கணும். அது இல்லேன்னா ஒய்.பி. இல்ல, வெறும் தகரம்" என்றார்.

இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். ஒய்.பி. என்பது மீட்டர் கேஜ் பயணி வண்டிகளுக்காகச் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த எஞ்சின். முதல் எஞ்சின்கள் 1949இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்தன. பிறகு ஸ்காட்லாந்திலும் ஜெர்மனியிலும் செய்தார்கள். கடைசியில் நம் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்தது. 1970 வரை மொத்தம் 871 எஞ்சின்கள். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சிறு சக்கரம். இந்த 4-6-2 அமைப்புக்கு பசிபிக் என்று பெயர். விழுப்புரத்திலிருந்து மாயவரம், தஞ்சாவூர் என்று கரிப்புகையோடு ஊருக்குப் போன நம்மவர்களில் பலரை இழுத்துக்கொண்டு போனது இதுதான். அந்தப் பாதை இப்போது அகலப் பாதை. நானும் 1982இல் மேற்கு ரயில்வேயின் மீட்டர் கேஜ் ஷெட் ஒன்றில் டிப்ளமா அப்ரென்டிஸாகச் சேர்ந்து முதலில் கை வைத்தது ஒய்.பி.யில்தான். ஆக, கேட்டவருக்கும் தெரியும், செய்பவனுக்கும் தெரியும். ஏமாற்ற வழியே இல்லை.

முதலில் ஸ்கேல்

மாடல் ரயில் கடையில் கிடைக்கும் மெக்கானிசங்கள் சில குறிப்பிட்ட தண்டவாள அகலங்களுக்குத்தான் வரும். அதிகம் புழங்குவது 16.5 மில்லிமீட்டர். எச்.ஓ. என்ற 1:87 ஸ்கேலுக்கும், பிரிட்டனின் டபுள் ஓ என்ற 1:76 ஸ்கேலுக்கும் இதே அகலம்தான். அதற்கும் சிறியது 12 மில்லிமீட்டர்.

நம் மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர். அதை 1:87இல் சுருக்கினால் 11.5 மில்லிமீட்டர் வரும். 12 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். ஐரோப்பாவில் மீட்டர் கேஜ் மாடல் செய்பவர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தையே வைத்துக்கொண்டு ஸ்கேலைப் பெரிதாக்குவது இன்னொரு வழி. 1:64இல் மீட்டர் கேஜ் 15.6 மில்லிமீட்டர் ஆகிறது. தண்டவாளம் 0.9 மில்லிமீட்டர் அதிகம், அதாவது நிஜத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் மூன்றரை அடிப் பாதை எஞ்சின்களை இப்படி 1:64இல் செய்வது பழைய வழக்கம். அவர்களுக்கு அது அச்சாகப் பொருந்தும். நமக்கு ஒரு மயிரிழை கூடுதல்.

இரண்டில் எது? ஒய்.பி. டெண்டரோடு சேர்த்துச் சுமார் 19 மீட்டர். 1:87இல் அது 22 சென்டிமீட்டர், 1:64இல் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். நீளத்தில் எட்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூடுவதால் கன அளவு இரண்டரை மடங்கு ஆகிவிடும். மோட்டாருக்கு இடம் தாராளம், எடை வைக்கவும் இடம் உண்டு. பெரியவரின் மங்கலான கண்ணுக்கும் நடுங்கும் விரலுக்கும் பெரியதே சௌகரியம். என் மனம் அப்போதே 1:64 பக்கம் சாய்ந்தது. ஆனால் மெக்கானிசம் கிடைக்காமல் ஸ்கேலை முடிவு செய்வது, பெண் பார்க்காமல் மண்டபம் பிடிப்பது மாதிரி. இரண்டுக்குமே தேடினேன்.

ரஜ்ஜுப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். ரஜ்ஜு தட்டினால், மற்றது எத்தனை பொருந்தினாலும் வேண்டாம் என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எஞ்சினுக்கு ரஜ்ஜு என்பது பெரிய சக்கரத்தின் விட்டம். பாய்லரை நீட்டலாம், கேபினை மாற்றலாம், புகைபோக்கியைக் கடைந்து வைக்கலாம். கியரோடும் ராடோடும் பிணைந்திருக்கும் சக்கரத்தை மட்டும் மாற்ற முடியாது.

ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 4 அடி 6 அங்குலம், அதாவது 1372 மில்லிமீட்டர். 1:87இல் 15.75 மில்லிமீட்டர். 1:64இல் 21.4 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் ஒரு அட்டையில் எழிதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வந்த ஜாதகங்கள் நான்கு.

ஒன்று, பிரிட்டனின் ஹார்ன்பி 2022இல் ஆரம்பித்த டி.டி. 120 வரிசை. ஸ்கேல் 1:120, தண்டவாளம் 12 மில்லிமீட்டர். அதில் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் குடும்பத்து ஏ 3 எஞ்சின் இருக்கிறது. அதுவும் பசிபிக். நிஜத்தில் 6 அடி 8 அங்குலச் சக்கரம் 1:120இல் 16.9 மில்லிமீட்டர் ஆகிறது. நமக்கு 1:87இல் வேண்டியது 15.75. ஏழு சதவீதத்துக்கு மேல் பெரியது. தூரத்தில் இருந்து பார்த்தால் தள்ளுபடி செய்யலாம். 1:87இல்தான் செய்வேன் என்பவர்களுக்கு இது மோசமில்லை.

இரண்டு, பிரிட்டிஷ் ரயில்வேயின் ஸ்டாண்டர்டு 4 ரகம், 4-6-0 எஞ்சின், டபுள் ஓ ஸ்கேலில். 5 அடி 8 அங்குலச் சக்கரம் 22.7 மில்லிமீட்டர் ஆகிறது. 1:64க்கு ஆறு சதவீதம் பெரியது. தவிர, பின்பக்கச் சிறு சக்கரம் இதில் கிடையாது. சட்டத்தை நாமே நீட்ட வேண்டும்.

மூன்று, ஜப்பானின் சி 57. இதுவும் பசிபிக். ஜப்பானியர்கள் 1:80 ஸ்கேலில் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். 1750 மில்லிமீட்டர் சக்கரம் 21.9 ஆகிறது. இரண்டு சதவீதம்தான் அதிகம். அருமையான பொருத்தம். ஆனால் விலையைக் கேட்டதும் பென்ஷன் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

நான்கு, அமெரிக்காவின் யு.எஸ்.ஆர்.ஏ. லைட் பசிபிக். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ரயில் பாதைகளை அரசாங்கம் எடுத்து நடத்தியபோது வகுத்த ஸ்டாண்டர்டு டிசைன்களில் ஒன்று. அங்கே எச்.ஓ. ஸ்கேலில் நன்கு புழங்கிய மாடல். 73 அங்குலச் சக்கரம், 1:87இல் 21.3 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது 21.4!

அந்தச் சிறு குறையைக் கூட நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நீராவி எஞ்சினின் சக்கரத்தில் எஃகு டயர் ஒன்று உண்டு. அது தேயத் தேய ஒர்க்ஷாப்பில் கடைசல் பிடித்துச் சீராக்குவார்கள். ஒவ்வொரு கடைசலுக்கும் விட்டம் குறையும். என் மாடலில் குறைந்த அளவை 64ஆல் பெருக்கினால் ஒரு சென்டிமீட்டர் கூட வராது. ஒருமுறை கடைசல் முடிந்து ஷெட்டுக்கு வந்த எஞ்சின் என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

மற்றப் பொருத்தங்கள்

விட்டத்துக்கு அடுத்தது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம். நீங்கள் செய்யப்போகும் எஞ்சினின் படத்தை உங்கள் ஸ்கேலுக்குச் சுருக்கி, பெரிய சக்கரங்களின் மையங்களை ஒரு காகிதப் பட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டையை மெக்கானிசத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். கண்ணே சொல்லிவிடும். ஒய்.பி.யின் எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் மூன்று பெரிய சக்கரங்களும் கூட்டத்தில் நிற்கும் ஆட்கள் மாதிரி தோளோடு தோள் உரசி நிற்கும். நடுவில் பெரிய சந்து தெரிந்தால் ஜாடையே மாறிவிடும். லைட் பசிபிக்கில் முதல் சக்கர மையத்திலிருந்து மூன்றாவது சக்கர மையம் வரை 13 அடி, எச்.ஓ.வில் 45.5 மில்லிமீட்டர். சக்கரத்துக்குச் சக்கரம் 22.7. சக்கரமே 21.3 என்பதால் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் கூடச் சந்து இல்லை. நமக்கு வேண்டிய நெருக்கம் அதுதான்.

மூன்றாவது, சிலிண்டரும் ராடும். ஒய்.பி.க்கு வெளிப்புறம் இரண்டு சிலிண்டர், வால்ஷார்ட் வால்வு கியர். நான் தேடியதும் அப்படியே. ஆனால் இங்கே ஒரு இடிப்பு உண்டு. ஒய்.பி.யின் பிஸ்டன் 24 அங்குலம் ஓடும். 1:64இல் 9.5 மில்லிமீட்டர். லைட் பசிபிக்குக்கு 28 அங்குலம். ஆனால் 1:87இல் அது 8.2 மில்லிமீட்டர்தான். ராடு போடும் வட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சிறியது. கிராங்க் பின்னைக் கழற்றிப் புது ஓட்டை போடலாம். ஆறு சக்கரத்திலும் துல்லியமாகப் போட வேண்டும், ஒன்று தவறினால் எஞ்சின் நொண்டும். நன்றாக ஓடும் மெக்கானிசத்தின் வயிற்றைக் கிழிப்பதில்லை என்பது என் கொள்கை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நான்காவது, மோட்டார் உட்காரும் இடம். பழைய மெக்கானிசங்களில் மோட்டார் கேபினுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். டிரைவர் நிற்க வேண்டிய இடத்தில் மோட்டார் நின்றால் பெரியவரிடம் எப்படிக் காட்டுவது? மோட்டார் ஃபயர்பாக்ஸுக்குள் அடங்க வேண்டும். அதைவிட முக்கியம், பாய்லருக்கு அடியில் தெரியும் வெளிச்சம். ஒய்.பி.யின் ஃபுட்பிளேட் உயரத்தில் இருப்பதால் சக்கரங்கள் முழுதாகத் தெரியும். மெக்கானிசத்தின் இரும்புக் கட்டி அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், எஞ்சின் வேட்டியை இறக்கிக் கட்டிய மாதிரி இருக்கும்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதே

அளவு எல்லாம் பொருந்தினாலும் நடத்தை சரியாக இருக்க வேண்டுமே! பெரியவரின் அறையில் வட்டமாகத் தண்டவாளம் போட இடம் கிடையாது. ஜன்னலோரம் ஆறடிப் பலகை ஒன்று வைக்கலாம், அவ்வளவுதான். எஞ்சினின் நீளம் போக ஓட்டத்துக்குக் கிடைப்பது ஒன்றரை மீட்டர். நிஜத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால், 1:64இல் அந்தப் பலகையைக் கடக்க 35 விநாடி ஆகும். வேகமாக ஓடும் எஞ்சின் அங்கே ஒரே தாவலில் கீழே விழும். ஊர்ந்து போகத் தெரிந்த எஞ்சின்தான் வேண்டும். ராடு மெதுவாக ஏறி இறங்க வேண்டும் என்று அவர் கேட்டதும் அதுவே.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒய்.பி.யின் பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர் போகும். விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று என்றால் 5 கிலோமீட்டர், அதாவது நடை வேகம். மாடலிலும் இதே கணக்குதான். சக்கரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண வேண்டும். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று, திக்காமல் வந்தால் பாஸ்.

இதற்குக் கியர் விகிதம் துணை செய்ய வேண்டும். மோட்டார் முப்பது சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்றால், அந்த நடை வேகத்தில் மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று. தாராளமாகச் சுற்றும். விகிதம் பதினைந்துக்கு ஒன்று என்றால் 300 சுற்று. பல சிறிய மோட்டார்கள் அங்கே திணறும்.

நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகன் பழைய மாடல் ரயில்கள் விற்கும் சந்தை ஒன்றுக்குப் போய் எனக்காகப் பார்த்தான். நான் கேட்ட சோதனைகளை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தேன். அவன் கம்ப்யூட்டர் ஆசாமி. ஆனாலும் மாமா சொன்னதை ஒன்று விடாமல் செய்து, வீடியோ எடுத்து அனுப்பினான்.

அங்கே கிடைத்தவை இரண்டு. முதலாவது பார்க்கப் பளபளப்பு. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்" சத்தம். அச்சில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக் கியர் நாளாக ஆக விரிசல் விடும். விரிசல் விழுந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும். அந்த இடம் வரும்போதெல்லாம் தட்டும். அதை அங்கேயே விட்டுவிடச் சொன்னேன். இரண்டாவது பெயின்ட் உரிந்து, விளக்கு உடைந்து, கேபின் கூரை இல்லாமல் அனாதையாக இருந்தது. உடம்பைத்தான் கழற்றி எறியப்போகிறோமே! விலையும் அதற்கேற்பக் குறைவு. புள்ளி வைத்து எண்ணியதில் மூன்று விநாடிக்கு ஒரு சுற்று, முன்னாலும் பின்னாலும் ஒரே சீராக வந்தது. அதையே வாங்கச் சொன்னேன்.

கைக்கு வந்ததும் நான் பார்த்தவை மூன்று. ஒன்று, இடது பக்க கிராங்க்குக்கும் வலது பக்க கிராங்க்குக்கும் 90 டிகிரி வித்தியாசம் மூன்று அச்சிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரு அச்சில் சிறிது மாறினாலும் ராடு ஒரு இடத்தில் பிடிக்கும். இரண்டு, சக்கரங்களின் உள்பக்க இடைவெளி. இந்தத் தண்டவாளத்துக்கு 14.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. மூன்று, மின்சாரம். 12 வோல்ட்டில் தனியாக ஓடும்போது மீட்டர் கால் ஆம்பியர் அளவில் நின்றால் ஆரோக்கியம். அரை ஆம்பியரைத் தாண்டினால் எங்கோ இறுக்கம், அல்லது மோட்டார் காந்தம் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். என்னுடையது கால் ஆம்பியருக்குள் நின்றது.

உடம்பு ஏறிய கதை

இதை நீட்டவில்லை. பாய்லருக்குப் பித்தளைக் குழாய், மற்றதற்கு 0.3 மில்லிமீட்டர் தகடு. அமெரிக்க உடம்பு போனதும் எடை குறைந்துவிட்டது. பாய்லருக்குள் ஈயத் துண்டுகளை வைத்து, நடு அச்சுக்கு மேலே விரலில் நிறுத்தினால் தராசு மாதிரி நிற்கும்படி செய்தேன். எடை முன்னாலோ பின்னாலோ சாய்ந்தால் பெரிய சக்கரம் வழுக்கும். டெண்டர் முழுதும் புதிதாகச் செய்தது. டெண்டர் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கும்படி மெல்லிய வெண்கலக் கம்பிகளை வைத்தேன். தண்டவாளத்தில் எவ்வளவு அதிகமான சக்கரங்கள் மின்சாரம் எடுக்கிறதோ, அவ்வளவுக்கு ஊர்தல் நிச்சயம். ஒரு தூசியில் நின்றுபோகும் எஞ்சினை விரலால் தள்ளிவிடுவதைப் போல அவமானம் வேறில்லை. பலகையில் ஸ்லீப்பர்களை நானே மரத்தில் வெட்டி ஒட்டினேன். எச்.ஓ. தண்டவாளத்தின் ஸ்லீப்பர்கள் 1:64க்கு மிக நெருக்கமாகத் தெரியும். எல்லாம் சேர்ந்து ஐந்து மாதம் ஆயிற்று.

சதாபிஷேகத்துக்கு முதல் நாள் மாலை பலகையை ஜன்னலோரம் வைத்து, எஞ்சினை ஏற்றி, கன்ட்ரோலரைப் பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். புகைபோக்கி, டோம், கேபின், டெண்டர் என்று விரல் வரிசையாகப் போயிற்று. பிறகு குமிழைத் திருப்பினார். ஒரு துளி திறந்து, உடனே மூடி, மறுபடி திறந்தார். ரெகுலேட்டரைத் திறக்கும் கை அது. எஞ்சின் கிளம்பியது. அவர் முகத்தைச் சக்கரத்துக்கு அருகில் கொண்டுபோய், ராடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பலகையின் முனை நெருங்கியது. அங்கே தடுப்பு எதுவும் இல்லை. நான் கையை நீட்டினேன்.

"விடுங்க தம்பி" என்றார்.

முனைக்கு இரண்டு விரற்கடை இருக்கும்போது எஞ்சின் நின்றது. ஆட்டம் இல்லை, உதறல் இல்லை.

"வாட்டர் காலத்துக்கு நேரா நிக்கணும். அஞ்சு அடி தள்ளிப் போயிட்டா குழாய் எட்டாது, ஃபயர்மேன் திட்டுவான்" என்றார். பேரன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "வாட்டர் காலம்னா என்ன தாத்தா?" என்று கேட்டான். அன்று இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் தாத்தாவும் பேரனும் எழுந்து வரவில்லை என்று மருமகள் சொன்னார். அந்தப் பையனுக்கு இதுவரை தெரிந்த தாத்தா, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மட்டுந்தான்.

செய்ய விரும்புவோருக்கு

முதலில் எந்த எஞ்சின் என்று முடிவு செய்யுங்கள், ஸ்கேலைப் பிறகு முடிவு செய்யலாம். அதன் பெரிய சக்கரத்தின் விட்டத்தை 64, 76, 80, 87, 120 என்று எல்லாவற்றாலும் வகுத்து அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். அமெரிக்காக்காரனின் பெரிய எஞ்சின் நம் மீட்டர் கேஜ் எஞ்சினுக்குப் பொருந்துகிறதே! விட்டம் ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் மேலே பாருங்கள். அதற்கு மேல் போனால், மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்து சக்கர இடைவெளி, பிறகு சிலிண்டரும் ராடும், பிறகு மோட்டார் இருக்கும் இடம். கடைசியாக வெள்ளைப் புள்ளி வைத்து எண்ணுங்கள். உடைந்த உடம்பைப் பார்த்து ஒதுக்காதீர்கள், பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள்.

அகலப் பாதை டபிள்யூ.ஜி. எஞ்சினை 1:87இல் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு துப்பு. அதன் சக்கரம் 1562 மில்லிமீட்டர், சுருக்கினால் 17.9. அதே யு.எஸ்.ஆர்.ஏ. குடும்பத்தில் மிகாடோ என்ற 2-8-2 எஞ்சினுக்கு 63 அங்குலம், அதாவது 18.4. மூன்று சதவீதத்துக்குள் வருகிறது, சக்கர அமைப்பும் அதுவேதான். தண்டவாளம் நம் அகலப் பாதையைவிடக் குறுகலாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்பவர்கள் தாராளமாக இறங்கலாம்.

யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால், சங்கத்தில் சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பால்கனியில்தான் இருப்பேன். வரும்போது உங்கள் எஞ்சினின் படம் ஒன்றைக் கொண்டு வந்தால் போதும். வெர்னியர் என்னிடம் இருக்கிறது.